முறையும் தடையும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு வியாழக்கிழமை பிற்பகல். கலைப்பீட இறுதியாண்டு மாணவன் ஒருவன் பல்கலைக்கழகக் கணினிக்கூடத்தில் அமர்ந்திருந்தான். மறுநாள் மாலை நான்கு மணிக்கு முன்னர் அவன் தனது ஆய்வேட்டைத் துறையில் ஒப்படைத்தல் வேண்டும். அதன் பெரும்பகுதியை ஊரிலே அவனுடைய தங்கை பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பென்ட்ரைவில் அனுப்பியிருந்தாள். துறையோ ஒருங்குறி எழுத்திலேயே பிரதி வேண்டுமென விதித்திருந்தது. ஒன்றை மற்றொன்றாக மாற்றித்தரும் சிறிய செய்நிரல் ஒன்றும் அதே பென்ட்ரைவில் இருந்தது. இணைய இணைப்பு முந்திய நாள் மின்னலினால் பழுதடைந்திருந்தமையால் வேறு வழியும் இருக்கவில்லை. மாணவன் அச்செய்நிரலை இயக்க முனைந்தான். திரையில் ஒரு சிறு பெட்டி தோன்றியது. இச்செய்நிரல் நிருவாகியினால் தடுக்கப்பட்டுள்ளது என்பதே அதிலிருந்த வாசகத்தின் சாரம். அடுத்த கணினியில் முயன்றான். அதிலும் அதே பெட்டி.

கூடத்திற்குப் பொறுப்பான போதனாசிரியர் மூலையிலிருந்த தமது மேசையில் இருந்தார். மாணவன் அவரிடம் சென்றான்.

“சேர், இது எழுத்து மாத்திற புரோகிராம் மட்டுந்தான். ஒருக்கால் திறந்து விடுங்கோ.”

“தம்பி, உமக்குத் திறந்தால் எல்லாருக்கும் திறக்கவேணும். போன வருசம் ஒரு பென்ட்ரைவில வந்த வைரசாலதான் ஒரு பிள்ளையின்ர ஆய்வேடு முழுக்க அழிஞ்சது. அந்தப் பிள்ளை அந்தா அந்தக் கதிரையில இருந்து அழுததை நான் பாத்தனான்.”

“அப்ப நான் என்ன சேர் செய்யிறது?”

அவர் உடனே மறுமொழி கூறவில்லை. சிறிது நேரத்தின்பின் மேசை இலாச்சியைத் திறந்து, பழைய ஆங்கிலக் கட்டுரைகள் சிலவற்றின் பிரதிகளை எடுத்துக் கொடுத்தார். “காலமை வாரும், பாப்பம். அதுக்கிடையில இதுகளை வாசியும். இந்தப் பூட்டு எங்கயிருந்து வந்ததெண்டு விளங்கும்.”

மாணவன் பிரதிகளை வாங்கிக்கொண்டான். திரும்பும்பொழுது அவனுடைய கண்ணில் ஒன்று பட்டது. போதனாசிரியரின் கணினித் திரையிலே சீட்டாட்டம் ஒன்று பாதியில் நின்றது. அவருடைய கணினியில் எச்செய்நிரலும் இயங்கும். ஏனைய முப்பது கணினிகளிலும் இயங்காது. மறுக்கப்பட்டமையிலும் பார்க்க இதுவே அவனுடைய நெஞ்சை உறுத்தியது எனலாம்.

பொதுக் கணினியொன்றில் யார் நுழையலாம், நுழைந்தவர் எதனை இயக்கலாம் என்பவற்றை வரையறுத்தல் பொதுவாகப் பொறியியலாளரின் சிக்கலாகவே கருதப்படுகின்றது. ஆயினும், பலருக்கும் உரிய ஒரு பொருளைப் பலரும் எவ்வாறு பயன்படுத்துதல் என்னும் வினா மிகப் பழையது. அம்மாணவனின் ஆய்வேடு அதனையே பொருளாகக் கொண்டிருந்தமை ஒரு தற்செயலான பொருத்தம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பங்குக் கிணறுகளைப்பற்றி அவன் எழுதியிருந்தான்.

வற்றாத ஆறு எதுவுமில்லாத அச்சுண்ணாம்புக்கல் நிலத்திலே தோட்டக்காரனின் வாழ்வு கிணற்றையே நம்பியிருந்தது. ஒரு கிணறு பலருக்குப் பங்காக இருந்தது. காணி உறுதிகளிலே நிலத்தின் எல்லைகளோடு கிணற்றிற் பங்கும் வழிவாய்க்காலும் எழுதப்பட்டன. இன்னார்க்கு இன்ன நாள் இறைப்பு என முறை வகுக்கப்பட்டிருந்தது. தன் முறையன்று ஒருவன் துலா மிதித்து இறைத்தான். பிற்காலத்தில் நீரிறைக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தான். முறை முடிந்ததும் வாய்க்காலை மறித்து, அடுத்தவனுக்கு இடம் விட்டான். இக்கட்டுப்பாடு எவரையும் தாழ்த்தவில்லை. முறை இல்லாவிடின் வலியவனின் புகையிலை செழிக்க எளியவனின் மிளகாய்க் கன்று வாடும் என்பதை யாவரும் அறிந்திருந்தனர்.

ஆனால் அதே மண்ணில் வேறொரு கட்டுப்பாடும் நிலவியது. ஒடுக்கப்பட்ட சாதியினராகக் கணிக்கப்பட்டோர் சில கிணற்றுக் கட்டுகளில் ஏறுதல் கூடாது. குடத்தோடு கீழே காத்து நின்று, மேலே நிற்பவர் வார்த்தால் மட்டுமே அவர்கள் நீர் பெற்றனர். சாதி காரணமாக ஒருவர்மீது இத்தகைய குறைபாடுகளைச் சுமத்துவதைக் குற்றமாக்கும் சட்டத்தை இலங்கைப் பாராளுமன்றம் 1957இல் நிறைவேற்றியது. சட்டத்திற்குப் பின்னரும் போராட வேண்டியிருந்தமை வரலாறு. முன்னையதை மாணவன் தனது ஆய்வேட்டில் ‘முறை’ என்றும், பின்னையதைத் ‘தடை’ என்றும் வேறுபடுத்தியிருந்தான். இரண்டும் ஒரே கிணற்றடியில், ஒரே கயிற்றினருகில் இருந்தன. வெளியிலிருந்து நோக்குபவனுக்கு இரண்டும் கட்டுப்பாடாகவே தோன்றும்.

அன்றிரவு விடுதி அறையில் போதனாசிரியர் கொடுத்த பிரதிகளை விரித்தபொழுது அவனுடைய மனத்தில் எழுந்த வினாவும் இதுவே: கணினிக்கூடத்துப் பூட்டு முறையா, தடையா?

பிரதிகள் அவனை அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்திற்கு இட்டுச் சென்றன. 1960ஆம் ஆண்டளவில் அங்கு கணினி என்பது ஓர் அறையை நிறைத்த இயந்திரம். அதனைப் பயன்படுத்த விரும்பியவர் தமது செய்நிரலைத் துளையட்டைகளில் பதித்து, அட்டைக்கட்டினை இயக்குநரிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்வார். விடை பல மணி நேரங்கழித்தோ மறுநாளோ கிடைக்கும். ஓர் எழுத்துப் பிழைத்திருப்பின் அந்நாள் முழுவதும் வீண். இந்நிலையை மாற்றப் பெர்னாண்டோ கொர்பற்றோ என்பாரும் அவருடைய துணைவர்களும் முயன்றனர். அவர்கள் அமைத்த நேரப்பகிர்வு முறைமை 1961 நவம்பரில் ஐ.பி.எம். 709 இயந்திரத்தில் முதன்முதலாக இயக்கிக் காட்டப்பட்டது. பலர் தத்தம் தட்டச்சு முனையங்களில் ஒரே வேளையில் அமர்வர். இயந்திரம் ஒரு நொடியின் சிறு கூறினை ஒருவருக்கும் அடுத்த கூறினை மற்றொருவருக்கும் வழங்கிச் சுற்றி வரும். அதன் வேகத்தினால் ஒவ்வொருவரும் இயந்திரம் தமக்கே உரியதென உணர்வர். சில ஆண்டுகளில் ஏறத்தாழ முப்பது பேர் ஒரே வேளையில் அதனைப் பயன்படுத்தினர். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஓர் இறைப்பு முறை புதுவடிவில் உருவானது என மாணவன் எண்ணிக்கொண்டதில் வியப்பில்லை.

இங்கு நுணுகி நோக்கத்தக்க செய்தியொன்றுண்டு. இயந்திரத்தின் வன்பொருளில் மூன்று கட்டுப்பாடுகளைச் சேர்க்காமல் இப்பகிர்வு சாத்தியமாகவில்லை. முதலாவது, நினைவகத்திற்கு எல்லை. பின்னர் பயன்படுத்தப்பட்ட ஐ.பி.எம். 7094 இயந்திரத்தில் 32,768 சொற்கள் கொள்ளும் நினைவகப் பகுதிகள் இரண்டு இருந்தன. ஒன்று மேற்பார்வை நிரலுக்கு உரியது. மற்றது பயனரின் செய்நிரலுக்கு உரியது. பயனரின் செய்நிரல் தன் எல்லைக்கு அப்பால் வாசிக்கவோ எழுதவோ முனையுமாயின், வன்பொருளே அதனை நிறுத்தி மேற்பார்வை நிரலிடம் ஒப்படைக்கும். இரண்டாவது, மணிக்கூடு. முடிவின்றிச் சுழலும் செய்நிரலிடமிருந்தும் குறித்த நேரத்தில் இயந்திரத்தை அது மீட்டுக்கொடுக்கும். மூன்றாவது, நாடா, அச்சுப்பொறி முதலிய கருவிகளை நேரே இயக்கும் கட்டளைகளைப் பயனரின் செய்நிரல் வழங்கவியலாது. மேற்பார்வை நிரலிடம் வேண்டியே பெறவேண்டும். வரம்பும் நேரமும் வாய்க்காலும் என இவற்றைக் கூறலாம். இம்மூன்றும் இல்லையெனில், ஒருவருடைய சிறு பிழை முப்பது பேரின் வேலையையும் அழித்துவிடும். எனவே, இயந்திரத்தைப் பலருக்கும் திறந்துவைத்ததே இக்கட்டுப்பாடுதான் என்பது புலனாகின்றது.

கடவுச்சொல்லும் இம்முறைமையிலேயே பயனுக்கு வந்தது. ஒவ்வொருவருக்கும் தத்தம் கோப்புகள் இருந்தன. ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நேரமெனப் பங்கும் இருந்தது. இன்னார்தாம் வந்திருக்கிறார் என அறிய எளிய வழியொன்று தேவைப்பட்டது. பூட்டுப் பிறந்தவுடனேயே அதனைத் திறக்கும் வழியும் பிறந்தது. அலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவருக்கு வாரத்திற்கு நான்கு மணி நேரமே பங்காகக் கிடைத்தது. அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. கோப்பொன்றினை அச்சிடுமாறு துளையட்டையில் எழுதி ஒப்படைத்தால் அது அச்சாகி வரும் என்பதை அவர் அறிந்திருந்தார். 1962இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கடவுச்சொற்கள் யாவும் இருந்த கோப்பினையே அச்சிடுமாறு எழுதிக் கொடுத்தார். மறுநாட் காலை அச்சுப்பிரதி வழமையான இடத்தில் அவருக்காகக் காத்திருந்தது. பிறருடைய பெயரில் நுழைந்து அவர் தமது ஆய்வைத் தொடர்ந்தார். இதனை ஏறத்தாழக் கால்நூற்றாண்டு கழிந்தபின்னரே கொர்பற்றோவிடம் ஒப்புக்கொண்டதாக அவர் தமது நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். அவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வின் பொருள் நேரப்பகிர்வுக் கணினிகளின் செயற்றிறன் என்பது இதிலுள்ள முரண். பங்கு முறையை ஆராய்ந்தவரே அயலவரின் பங்கினை இரவில் இறைத்தார்.

இப்பகுதியை வாசித்தபொழுது மாணவன் தன்னை அறியாமல் ஷெர்ரின் பக்கம் சாய்ந்தான். நான்கு மணி நேரம் எவருக்குப் போதும்? ஆயினும், அவர் எடுத்த நேரம் வேறெவருடைய நேரம் என்ற எண்ணம் அவனைத் தடுத்து நிறுத்தியது. அவனுடைய ஆய்வேட்டின் மூன்றாம் இயலில், இரவோடிரவாக வாய்க்காலைத் திருப்பிய ஒருவர்பற்றிய வாய்மொழித் தகவல் ஒன்றுண்டு. அங்கு அவன் யாருடைய பக்கம் நின்று எழுதினான் என்பது அவனுக்கு நினைவிருந்தது.

ஷெர் திருடியது ஒரு மாணவரின் செயல். 1966இல் நிகழ்ந்ததோ காவலரின் பிழை. ஒரு நாட் பிற்பகல், கணினியில் நுழைந்த ஒவ்வொருவருடைய முனையத்திலும் வழமையான அன்றைய அறிவித்தலுக்குப் பதிலாகக் கடவுச்சொற் கோப்பு முழுவதும் அச்சாகத் தொடங்கியது. முறைமையின் நிருவாகிகளுக்குப் பொதுவான கோப்புத்தொகுதி ஒன்று இருந்தது. ஒரு நேரத்தில் ஒருவரே அதனைப் பயன்படுத்துவர் என்ற எடுகோளுடன், திருத்துகருவி எப்பொழுதும் ஒரே பெயருடைய தற்காலிகக் கோப்பினை ஆக்குமாறு எழுதப்பட்டிருந்தது. அன்று ஒருவர் அறிவித்தலைத் திருத்த, மற்றொருவர் கடவுச்சொற் கோப்பினைத் திருத்த, இரண்டும் இடம் மாறிவிட்டன. இதனைக் கண்ட பயனரொருவர் வேண்டுமென்றே இயந்திரத்தை நிலைகுலையச் செய்து நிறுத்தினார். பின்னர் எல்லோருடைய கடவுச்சொற்களும் மாற்றப்பட்டன. கணினியுலகின் உயர்ந்த விருதாகிய ரியூரிங் விருதினை 1990இல் பெற்ற கொர்பற்றோ, தமது விருதுரையில் இந்நிகழ்ச்சியை எடுத்துக் கூறியுள்ளார். முறைமையை ஆக்கியவரே அதன் தவற்றை மேடையில் கூறியமை போற்றத்தக்கது. பயனரிடையே சுவர்களை எழுப்பியோர், தமக்குள்ளே சுவரெதுவும் வேண்டியதில்லை எனக் கருதினர். அங்கேயே இடிந்தது.

இதே நிறுவகத்திலே பூட்டினை அடியோடு மறுத்தோரும் இருந்தனர். அங்குள்ள செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தினர் 1960களின் பிற்பகுதியில் தமக்கென ஒரு நேரப்பகிர்வு முறைமையை ஆக்கினர். கொர்பற்றோவின் முறைமைக்குப் ‘பொருந்தும்’ என்ற அடைமொழி இருந்தமையால், கேலியாகத் தமதற்குப் ‘பொருந்தா நேரப்பகிர்வு முறைமை’ எனப் பெயரிட்டனர். தொடக்கத்தில் அதிற் கடவுச்சொல் இல்லை. எவருடைய கோப்பினையும் எவரும் வாசிக்கலாம், திருத்தலாம். இயந்திரத்தையே நிறுத்திவிடும் கட்டளையொன்றினைக்கூட யாவருக்கும் வெளிப்படையாக வைத்திருந்தனர். எவரும் செய்யக்கூடிய ஒன்றைச் செய்வதிற் பெருமையில்லையாதலால், அதனைச் செய்து காட்டும் விருப்பமும் அற்றுப்போகும் என்பது அவர்களின் கருத்து. அக்கூடத்தில் வளர்ந்த றிச்சட் ஸ்ரோல்மன், பின்னர் அயலிலுள்ள கணினியொன்றிற் கடவுச்சொல் புகுத்தப்பட்டபொழுது அதனை எதிர்த்தார். வெறுமையையே கடவுச்சொல்லாக வைக்குமாறு பயனருக்குச் செய்தி அனுப்பினார். ஐந்தில் ஒரு பங்கினர் அவ்வாறே செய்தனர் என்பர். ஒருவரையொருவர் முகம் பார்த்து அறிந்த சிறு குழுவிலே இவ்வாழ்வு இயன்றது. ஒரு குடும்பத்துக் கிணற்றுக்கு முறை எழுதுவோர் இலர். ஊர்ப் பங்குக் கிணற்றுக்கு முறை எழுதாமல் இருப்போரும் இலர்.

ஆகவே, பூட்டு வேண்டுமா வேண்டாமா என்பதிலும் பார்க்கப் பூட்டு எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதே சிந்தனைக்குரியது. இதற்கு 1960களின் பிற்பகுதியிலிருந்து மூன்று சிறந்த விடைகள் கிடைத்தன.

முதலாவது விடை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. அங்கு றொஜர் நீடம் என்பார், கடவுச்சொல்லை உள்ளவாறே எழுதி வைத்தல் வேண்டியதில்லை எனக் கண்டார். அதனை ஒருவழிக் கணிப்பொன்றுக்கு உட்படுத்தி, வரும் விளைவினை மட்டும் சேமித்தால் போதும். மாவினைக் கண்டு இன்ன அரிசியின் மா எனச் சரிபார்க்கலாம். மாவினின்று அரிசியை மீட்டெடுக்க இயலாது. மொறிஸ் வில்க்ஸ் 1968இல் வெளியிட்ட நேரப்பகிர்வு பற்றிய நூலில் இவ்வழி விளக்கப்பட்டது. இதனால் 1966இல் அம்பலமானது போன்ற கோப்பு மீண்டும் அம்பலமானாலும் பேரிழப்பு நேராது. அதனிலும் முக்கியமானது, பூட்டின் காவலருக்கும் பிறருடைய சாவி தெரியாமற் போனமையாகும்.

ஆயினும், பூட்டு வலிதாயினும் சாவி எளிதாயின் பயனில்லை. றொபேட் மொறிசும் கென் தொம்சனும் 1979இல் வெளியிட்ட கட்டுரையில் 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்தனர். அவற்றில் 2,831, அதாவது நூற்றுக்கு எண்பத்தாறு, மிகச் சிறியனவாகவோ அகராதியிலும் பெயர்ப்பட்டியலிலும் காணப்படுவனவாகவோ இருந்தன. முறையைக் காக்கும் கடன் நிருவாகிக்கு மட்டும் உரியதன்று என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

இரண்டாவது விடை, உரிமைகளைப் பிரித்து நோக்கியமை. 1969இல் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ் முறைமை, கோப்பொன்றினை வாசித்தல், எழுதுதல், இயக்குதல் என மூன்று உரிமைகளாக வகுத்தது. இவை உடையவர், அவரது குழுவினர், ஏனையோர் என்னும் மூவகையினருக்கும் தனித்தனியே வழங்கப்படும் வழக்கம் நிலைபெற்றது. கடவுச்சொற் கோப்பில் எழுதும் உரிமை பொதுப் பயனருக்கு இல்லை. ஆயினும் தமது கடவுச்சொல்லை மாற்றும் தேவை யாவருக்கும் உண்டு. றிச்சி இதற்கொரு வழி கண்டார். குறித்த ஒரு செய்நிரல் மட்டும், அதனை யார் இயக்கினாலும், அதன் உடையவரின் அதிகாரத்துடன் இயங்கும். அச்செய்நிரல் ஒரே ஒரு வேலையைச் செய்துவிட்டு முடியும். கதவினைத் திறந்து விடாமலே, கதவுக்கு அப்பாலுள்ள ஒரு தேவை நிறைவேறுகின்றது. ‘உமக்குத் திறந்தால் எல்லாருக்கும் திறக்கவேணும்’ என்னும் கூற்றுக்கு இது நேரான மறுமொழி என மாணவன் ஓரத்திற் குறித்துக்கொண்டான்.

மூன்றாவது விடை, இவற்றின் அடியிலுள்ள நெறிகளைத் தொகுத்துரைத்தது. ஜெரோம் சால்ற்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975இல் எழுதிய கட்டுரையில் எட்டு நெறிகளை வகுத்தனர். அவற்றுள் சில போதனாசிரியரின் பக்கம் நிற்பன. இன்னது கூடாது எனப் பட்டியலிடுதலிலும் பார்க்க, இன்னது ஆகும் எனப் பட்டியலிட்டு ஏனையவற்றை மறுத்தலே பாதுகாப்பானது என்பது ஒன்று. தீங்கான செய்நிரல் நாளை எவ்வடிவில் வருமென இன்று எவரும் பட்டியலிட இயலாது. தீங்கு நினையாதவனின் செய்நிரலும் தீங்கு விளைக்கும் என்பதற்குச் சான்றுண்டு. 1988 நவம்பர் 2ஆந் திகதி ஆய்வு மாணவர் ஒருவர் வெளிவிட்ட செய்நிரல் தானே பெருகி, அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான கணினிகளைச் செயலிழக்கச் செய்தது. கோப்புகளை அழிக்கும் கட்டளை எதுவும் அதில் இருக்கவில்லை. அம்மாணவர், மேற்குறித்த கடவுச்சொற் கட்டுரையை எழுதிய றொபேட் மொறிசின் மகன்.

வேறு சில நெறிகளோ மாணவனின் பக்கம் நிற்பன. ஒவ்வொருவரும் ஒவ்வொரு செய்நிரலும் தத்தம் வேலைக்கு வேண்டிய மிகக் குறைந்த அதிகாரத்துடனேயே இயங்குதல் வேண்டும் என்பது ஒரு நெறி. ‘ஒவ்வொருவரும்’ என்பதில் நிருவாகியும் அடங்குவார். பூட்டின் அமைப்பினை மறைத்து வைத்துப் பாதுகாப்புத் தேடுதல் ஆகாது என்பது இன்னொன்று. பயன்படுத்துவோர் இயல்பாகவே கைக்கொள்ளத்தக்கதாகப் பாதுகாப்பு அமைதல் வேண்டும் என்பது மற்றுமொன்று. மக்கள் கைக்கொள்ள இயலாத பூட்டினை மக்கள் சுற்றிச் செல்வர். ஷெர் சென்ற வழி அதுவே.

விடியும் நேரத்தில் மாணவனுக்குத் தன் வினாவுக்கான விடை ஒருவாறு தெளிவானது. முறைக்கும் தடைக்கும் இடையிலான வேறுபாடு பூட்டின் வலிமையில் இல்லை. காரணம் யாவருக்கும் கூறப்படுகின்றதா? பூட்டியவரையும் அது கட்டுப்படுத்துகின்றதா? மறுக்கப்பட்டவர் தம் தேவையை எடுத்துரைக்க ஒரு வழி உண்டா? இம்மூன்றுக்கும் ஆம் என்னும் விடை கிடைக்குமாயின் அது முறை. கிணற்றுக் கட்டிற்குக் கீழே குடத்துடன் நின்றவருக்கு இம்மூன்றும் மறுக்கப்பட்டன. கணினிக்கூடத்தின் பூட்டினை அதனோடு ஒப்பிடுதல் தகாது என்பதை அவன் உணர்ந்தான். அவமதிப்பின் அளவு வேறு. ஆயினும், காரணம் கூறாத பெட்டியொன்று திரையில் தோன்றி மறுக்கும்பொழுது, நியாயமான முறையும் தடைபோலத் தோன்றிவிடுகின்றது.

வெள்ளிக்கிழமை காலை அவன் ஒரு தாளில் மூன்று வேண்டுகோள்களை எழுதிக்கொண்டு கணினிக்கூடத்திற்குச் சென்றான். அனுமதிக்கப்பட்ட செய்நிரல்களின் பட்டியலும் தடைக்கான காரணமும் கதவில் ஒட்டப்படுதல் வேண்டும். மாணவர் கொண்டுவரும் செய்நிரல்களைச் சோதிப்பதற்கு, ஏனையவற்றுடன் இணைக்கப்படாத கணினியொன்று ஒதுக்கப்படுதல் வேண்டும். வேண்டுகோள்களையும் விடைகளையும் பதிவதற்கு ஒரு கொப்பி இருத்தல் வேண்டும்.

போதனாசிரியர் தாளினை இரு தடவை வாசித்தார். “வாசிச்சிட்டுத்தான் வந்திருக்கிறீர்” என்றார்.

“இன்னும் ஒண்டு இருக்குது, சேர். அதை எழுதேல்லை.” மாணவனின் பார்வை மூலையிலிருந்த கணினியின்பாற் சென்றது.

அவர் திரும்பிப் பார்த்தார். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டுச் சிரித்தார். “அது சரிதான், தம்பி. என்ர மெசினிலயும் வைரஸ் வரும்தானே.”

பென்ட்ரைவ் வலையமைப்பிலிருந்து கழற்றப்பட்ட பழைய கணினியொன்றிற் சோதிக்கப்பட்டது. மாணவன் அறியாத வைரஸ் ஒன்று அதில் உண்மையிலேயே இருந்தது. தங்கை தட்டச்சுச் செய்த கணினியிலிருந்து வந்திருக்கலாம். மாணவன் வாயடைத்து நின்றான். முந்திய நாள் அவன் கேட்டவாறு திறந்துவிட்டிருந்தால் அன்று கூடத்திலிருந்த வேறெவருடையதோ ஆய்வேட்டிற்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வைரஸ் நீக்கப்பட்டது, எழுத்துமாற்றும் செய்நிரல் தீங்கற்றதெனக் காணப்பட்டது. அச்செய்நிரல் ஒன்று மட்டும் அனுமதிப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. மாற்றிய பிரதியிற் சில எழுத்துகள் சிதைந்திருந்தமையால் அவன் நண்பகல் உணவின்றி அவற்றைத் திருத்தினான். நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஆய்வேடு துறை அலுவலகத்தை அடைந்தது.

அடுத்த வாரம் கூடத்தின் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. தடைக்கான காரணம் நான்கு வரிகளில் தமிழில் எழுதப்பட்டிருந்தது. அதன் கீழ் நூற்கயிற்றில் ஒரு கொப்பி தொங்கியது. போதனாசிரியர் தமக்கெனச் சாதாரணக் கணக்கொன்றைத் திறந்து, நிருவாகக் கணக்கினைத் தேவை நேரும்பொழுது மட்டும் பயன்படுத்தலானார். சீட்டாட்டம் அனுமதிப் பட்டியலில் இடம்பெறவில்லை.

பல்கலைக்கழகம் என்பது நூலகத்திலிருந்து கணினிக்கூடம்வரை பொதுப் பொருள்களாலான ஓர் இடம். அங்கு கட்டுப்பாடு என்றதும் எதிர்ப்பதும், கட்டுப்பாடு என்றதும் பணிவதும் மாணவருக்கு எளிய வழிகள். கட்டுப்பாட்டின் காரணத்தைக் கேட்டறிந்து, நியாயமானதைக் காத்து, அல்லாததை மாற்றுமாறு கோருதலே கடினமானது, பயன்தருவதும் அதுவே. அக்கொப்பியின் முதற் பக்கத்தில் ஒரு வேண்டுகோள் பதியப்பட்டிருந்தது. முந்திய ஆண்டு ஆய்வேட்டை இழந்த அம்மாணவி, கூடத்துக் கணினிகளிற் செய்யப்படும் வேலைகளுக்கு நாள்தோறும் மாற்றுப் பிரதி எடுத்து வைக்கும் ஒழுங்கு வேண்டுமெனக் கேட்டிருந்தாள். அதன் எதிரே, திகதியிட்டு, ‘ஆம்’ என எழுதப்பட்டிருந்தது.